இரைச்சலைத் தேடி

ஆசிரியர் தினத்திற்கு இன்னும் பன்னிரண்டு நாள்களே இருந்தன. பள்ளி மண்டபத்தில் எங்கள் இசைக்குழுவின் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. நான் அப்போது படிவம் 4 மாணவி. தோழி ஒருத்தி பாட, இன்னொருத்தி தபேலா வாசிக்க, நான் மின்கித்தார் வாசிக்க வேண்டும். பாடலின் நடுவில் கித்தாருக்கென்று ஓர் இசைப்பகுதி உண்டு. அந்த இடம் வந்ததும், நானே செய்த பெடலைக் காலால் அழுத்தினேன்.

“ம்ம்ம்ம்...” என்ற ஓசை மண்டபம் முழுவதும் பரவியது. பெரிய வண்டு ஒன்று ஒலிபெருக்கிக்குள் சிக்கிக்கொண்டதைப் போல இருந்தது. அதனுடன் “ஸ்ஸ்ஸ்” என்ற சீற்றமும் கலந்து வந்தது. பதற்றத்தில் பெடலைக் காலால் சற்று நகர்த்தினேன். “படபட”வென வெடிச்சத்தம் கிளம்பியது. பாடிக்கொண்டிருந்த தோழி நிறுத்திவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள்.

பொறுப்பாசிரியர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் கேட்கிறேன், அம்மா. அப்போதும் இந்தச் சத்தம் இருந்தால் கித்தார் இல்லாமலேயே பாடிவிடுங்கள்” என்று மட்டும் சொன்னார். அவர் மென்மையாகச் சொன்னதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்தப் பெடலைச் செய்ய எனக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. கடையில் வாங்கினால் இருநூறு ரிங்கிட்டுக்கு மேல் ஆகும். அதனால் இணையத்தில் கிடைத்த ஒரு மின்சுற்று வரைபடத்தைப் பார்த்து நானே செய்தேன். அதில் ஒரு சில்லு, இரண்டு டையோடு, சில மின்தடையங்கள், சில மின்தேக்கிகள் ஆகியவை மட்டுமே இருந்தன. அது வேலை செய்யும் விதமும் எளியதுதான். கித்தாரிலிருந்து வரும் மின்சைகை மிகச் சிறியது. பெரும்பாலும் ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. சில்லு அதைப் பல மடங்கு பெரிதாக்கும். டையோடுகளோ சுமார் 0.6 வோல்ட்டுக்கு மேல் போகும் அலையின் தலையை வெட்டிவிடும். அப்படித் தலை வெட்டுப்பட்ட அலைதான், மேடையில் நாம் கேட்கும் அந்தக் கரகரப்பான கித்தார் ஒலி. எல்லாவற்றையும் பொருத்தி, வீட்டில் கிடந்த ஒரு பிளாஸ்டிக் உணவுப் பெட்டிக்குள் வைத்து மூடியிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சேமித்து வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு, அண்ணனுடன் கிள்ளானிலிருந்து கொமுட்டர் இரயில் ஏறிக் கோலாலம்பூருக்குச் சென்றேன். புடு வட்டாரத்திலுள்ள ஜாலான் பசாரில் மின்னணுப் பொருள்களை விற்கும் கடைகள் வரிசையாக இருக்கும். ஒரு புதிய சில்லும் கை நிறைய மின்தேக்கிகளும் வாங்கினேன். வீடு திரும்பியதும் பழையவற்றைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினேன். நள்ளிரவாகிவிட்டது. ஆவலோடு பெடலை அழுத்தினேன்.

“ம்ம்ம்ம்...”

அதே வண்டு! எதை மாற்றியதால் என்ன ஆனது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. பணமும் போயிற்று, இரைச்சலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் உட்கார்ந்து பெடலை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா அருகில் வந்தார். அவர் முன்பு கிள்ளானில் வானொலி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். ‘வானொலி ஆறு’ கேட்காமல் பொழுது விடியாத காலம் அது. ஒரு வீட்டில் வானொலி பழுதாகிவிட்டால், மாலைக்குள் அது தாத்தாவின் கடைக்கு வந்துவிடுமாம். பழுதான பொருளைச் சரிசெய்வதைவிடப் புதிதாக வாங்குவது எளிது என்ற காலம் வந்ததும், அவர் கடையை மூடிவிட்டார். எழுபது வயதைத் தாண்டியபின் காதும் மந்தமாகிவிட்டது. உரக்கப் பேசினால்தான் கேட்கும். அதனால் வீட்டில் நாங்கள் அவருடன் பேசுவது படிப்படியாகக் குறைந்திருந்தது.

“என்ன பாப்பா, சத்தம் போடுதா?” என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் மீண்டும் கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது எனக்குள் இருந்த எரிச்சல் வெடித்துவிட்டது.

“ஆமாம் தாத்தா, சத்தம்தான்! உங்களுக்கு எங்கே அது கேட்கப்போகிறது?”

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். சொன்ன சொல்லை விழுங்கிவிட முடியாதா என்று என் மனம் துடித்தது. தாத்தா சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் அமர்ந்தார்.

“உண்மைதான். எனக்குக் கேட்காது. அதனால் நீதான் கேட்டுச் சொல்ல வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வா” என்றார்.

வெட்கத்துடன் எடுத்து வந்தேன். “சத்தம் வருகிறது என்று சொல்லாதே. எந்தச் சத்தம்? எப்போது வருகிறது? எதைத் தொட்டால் மாறுகிறது? இதை மட்டும் எழுது” என்றார். நான் கண்ணை மூடிக் கேட்டேன். அதுவரை ஒரே இரைச்சலாகக் கேட்டது, கவனித்தபோது மூன்றாகப் பிரிந்தது. ஒன்று, வண்டு முரல்வது போன்ற ரீங்காரம். இரண்டு, பாம்பு சீறுவது போன்ற ஓசை. மூன்று, பெடலை அசைத்தால் மட்டும் வரும் படபடப்பு. மூன்றையும் எழுதினேன்.

தாத்தாவின் முகம் மலர்ந்தது. “பார்த்தாயா? உன் பெட்டியில் ஒரு நோய் இல்லை, மூன்று நோய். மூன்றுக்கும் ஒரே மருந்து கொடுத்தால் எப்படிக் குணமாகும்?” என்றார்.

முதலில் பெடலைக் கழற்றிவிட்டுக் கித்தாரை நேராக ஒலிபெருக்கியில் இணைக்கச் சொன்னார். ரீங்காரம் ஏறக்குறைய இல்லை. “அப்படியென்றால் கித்தார், ஒலிபெருக்கி, கம்பி மூன்றும் குற்றமற்றவை. பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குள் தேடு” என்றார். நான் ஒலிபெருக்கியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். அவர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். “அதற்குள் 240 வோல்ட் ஓடுகிறது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் பெரிய மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதைத் தொடாதே. உன் பெட்டியில் 9 வோல்ட்தான். அதில் பயின்றுகொள்” என்றார்.

அடுத்து, மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். பழைய அடாப்டர் ஒன்றைக் காட்டினேன். “வீட்டு மின்சாரம் ஒரு நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. அடாப்டர் அந்த அலையைச் சமன்செய்து கொடுக்க வேண்டும். மட்டமான அடாப்டராக இருந்தால் அலையின் மிச்சம் உள்ளே வந்துவிடும். பேட்டரியில் அலையே கிடையாது” என்று விளக்கினார். 9 வோல்ட் பேட்டரியைப் பொருத்தினேன். தாத்தா தம் உள்ளங்கையை ஒலிபெருக்கியின் மீது வைத்துக் கண்ணை மூடினார்.

“குறைந்திருக்கிறது” என்றார்.

நான் வியந்து பார்த்தேன். “தடித்த ஓசையெல்லாம் கைக்குத் தெரியும். அந்த ‘ஸ்ஸ்’ மட்டும்தான் எனக்கு எட்டாது. வயதானால் மெல்லிய ஓசைகள்தாம் முதலில் விடைபெறும்” என்றார்.

ரீங்காரம் குறைந்ததே தவிர, முழுவதும் போகவில்லை. என் கையைப் பெடலின் அருகில் கொண்டு சென்றால் கூடியது. கூடத்துக் குழல்விளக்கை அணைத்தால் சற்றுக் குறைந்தது. இரண்டையும் நோட்டில் எழுதிக் காட்டினேன். தாத்தா பிளாஸ்டிக் பெட்டியை விரலால் தட்டினார். “உன் வீட்டுக்குக் கூரையே இல்லை. சுவரில் ஓடும் மின்கம்பி, விளக்கு எல்லாமே தம் அலைகளைக் காற்றில் வீசுகின்றன. பிளாஸ்டிக் அவற்றைத் தடுக்காது. உலோகம்தான் தடுக்கும். அந்த உலோகத்தையும் கிரவுண்டில் இணைக்க வேண்டும்” என்றார். கிரவுண்ட் என்பது மின்சுற்றில் உள்ள கம்பிகள் வந்து சேரும் பொதுவழி. உலோகப் பெட்டியை அதனுடன் இணைத்தால், வெளியிலிருந்து வரும் அலைகள் உள்ளே நுழையாமல் அந்த வழியே இறங்கிவிடும்.

அம்மாவிடம் ஒரு சிறிய பிஸ்கட் டின்னைக் கேட்டு வாங்கினேன். அன்றிரவே துளையிட்டு எல்லாவற்றையும் அதற்குள் மாற்றினேன். பெடலை அழுத்தினேன். ஆழ்ந்த அமைதி! “தாத்தா, இரைச்சல் போய்விட்டது!” என்று கத்தினேன். பிறகு கித்தாரை மீட்டினேன். கித்தாரின் ஓசையும் போய்விட்டிருந்தது.

தாத்தா வயிறு குலுங்கச் சிரித்தார். பலகையின் அடிப்புறம் தகரத்தில் பட்டு மின்சுற்று குறுக்கிணைப்பு ஆகியிருந்தது. பேட்டரியை உடனே கழற்றச் சொன்னார். பலகைக்குக் கீழே தடித்த அட்டையை வைத்து, மேலே மின்காப்பு நாடாவும் ஒட்டினேன். டின்னின் வண்ணப்பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், கிரவுண்டுக் கம்பி சேரும் இடத்தையும் மூடி வந்து பொருந்தும் விளிம்பையும் சுரண்டி எடுத்தேன். இம்முறை கித்தார் ஒலித்தது. வண்டோ எங்கோ தொலைவில் முணுமுணுத்தது.

திங்கட்கிழமை மாலையில் மூன்றாவது நோயைப் பார்த்தோம். தாத்தா சமையலறையிலிருந்து ஒரு சாத்தே குச்சியைக் கொண்டு வந்தார். “இது மரம்; மின்சாரத்தைக் கடத்தாது. பெடலை இயங்கவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் இதனால் மெல்லத் தட்டு. படபடப்பு எங்கே எழுகிறதோ அங்கே நிறுத்து” என்றார். ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தேன். பதினோராவது கம்பியில் “பட்” என்றது. கித்தார்க் கம்பி வந்து சேரும் இடத்தில், கிரவுண்டுக்கான ஈயப்பற்று அது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மற்ற பற்றுகள் எல்லாம் பளபளப்பாகப் படர்ந்திருந்தன. இது மட்டும் மங்கிப்போய் உருண்டையாக நின்றது.

“இது ஒட்டியிருப்பதுபோல நடிக்கிறது. நீ ஈயத்தை மட்டும் சூடாக்கியிருக்கிறாய். கம்பியையும் தகட்டையும் சூடாக்கவில்லை. இரண்டும் சூடானால்தான் ஈயம் தானாகப் படரும்” என்றார் தாத்தா. பேட்டரியைக் கழற்றிவிட்டு, பற்றவைக்கும் கோலின் முனையைக் கம்பியிலும் தகட்டிலும் ஒருசேர வைத்து, அவை சூடானதும் ஈயத்தைத் தொட்டேன். ஈயம் தண்ணீரைப் போல் பரவிப் பளிச்சென்றது. அதன்பின் எவ்வளவு அசைத்தும் படபடப்பு வரவில்லை. ஒரு ரிங்கிட்கூடச் செலவாகவில்லை.

எஞ்சியிருந்தது அந்தச் சீற்றம் மட்டுமே. அதை நான் பல வகையில் விரட்டிப் பார்த்தேன், போகவில்லை. பெருக்கத்தைக் கூட்டும் குமிழை முழுவதும் திருப்பினால் கூடியது. பாதியில் வைத்தால் குறைந்தது. அவ்வளவுதான். இயற்பியல் ஆசிரியரிடம் கேட்டபோது, எந்த மின்தடையத்திலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும் என்றும், அந்த அசைவே ஒரு மெல்லிய இரைச்சலாக வெளிப்படும் என்றும் விளக்கினார். ஜான்சன் என்ற ஆய்வாளர் அதை அளந்து 1928ஆம் ஆண்டில் வெளியிட்டாராம். அதை முற்றிலும் ஒழிக்க முடியாது. தேவைக்கு மேல் பெரிதாக்காமல் இருக்கலாம்.

இதைத் தாத்தாவிடம் வந்து சொன்னேன். கூடவே நான் படித்த ஒரு செய்தியையும் சொன்னேன். 1961ஆம் ஆண்டில் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாடல் ஒன்று, நாஷ்வில் நகரில் பதிவு செய்யப்பட்டது. அப்போது ஒலிக்கலவைக் கருவியில் ஏற்பட்ட பழுதால் பேஸ் கித்தாரின் ஒலி கரகரவென்று மாறிவிட்டது. அதை அழிக்காமல் பாடலிலேயே விட்டுவிட்டார்கள். அந்த ஒலி பலருக்கும் பிடித்துப்போனது. அங்கிருந்த ஒலிப்பதிவுப் பொறியாளர் அதே ஒலியைத் தரும் மின்சுற்றை உருவாக்க, 1962இல் அது பெடலாக விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் அதைத் தங்கள் பாடலில் பயன்படுத்தியதும் உலகமே அதைத் தேடி ஓடியது.

“பழுதையே பெட்டியில் போட்டு விற்றார்களா! நான் இத்தனை ஆண்டுகள் பழுதை நீக்கியல்லவா பிழைத்தேன்!” என்று தாத்தா சிரித்தார். பிறகு, “நாம் வேண்டி அழைக்கிற கரகரப்பு இசை, அழைக்காமல் வருவது இரைச்சல். உன் பெட்டிக்கு இந்த வேறுபாடு தெரியாது, பாப்பா. உள்ளே வருவது எதுவானாலும் பெரிதாக்கிவிடும்” என்றார்.

அப்போது அவர் கை சட்டைப் பைக்குச் சென்றது. அதிலிருந்து தம் பழைய செவித்துணைக் கருவியை எடுத்து மேசைமீது வைத்தார். “இதுவும் அப்படித்தான். இதைப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தால், மின்விசிறியும் தொலைக்காட்சியும் தட்டுச் சத்தமும் எல்லாம் சேர்ந்து இடிபோல் கேட்கும். நீங்கள் பேசுவது அதற்குள் எங்கோ இருக்கும். தேடிப் பிடிப்பதற்குள் பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் கழற்றி வைத்துவிடுகிறேன்.”

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவர் எங்கள் பேச்சில் அக்கறை இல்லாமல் ஒதுங்கி இருக்கிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பள்ளி மண்டபத்தில் ஐந்து நிமிடம் கேட்ட இரைச்சலையே என்னால் தாங்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அன்றைக்கு அப்படிச் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடுங்கள், தாத்தா” என்றேன். சரியாகக் கேட்டிருக்காதோ என்று நினைத்து, அவர் முகத்துக்கு நேராக நின்று மீண்டும் ஒருமுறை மெதுவாகச் சொன்னேன்.

“முதல் தடவையே கேட்டது” என்றார், என் தலையில் கையை வைத்து.

வெள்ளிக்கிழமை ஒத்திகையில் பொறுப்பாசிரியர் கண்களை மூடிக் கேட்டார். பாடல் முடிந்ததும், “கித்தார் இருக்கட்டும்” என்றார். தோழிகள் இருவரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். மே 16ஆம் தேதி மேடையேறினோம். பெருக்கத்தைப் பாதியில் வைத்து, இசைப்பகுதி வந்தபோது மட்டும் பெடலை அழுத்தினேன், முடிந்ததும் அணைத்தேன். சீற்றம் இருந்தது. ஆனால், கித்தார் ஒலித்தபோது அது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். நான் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தேன். மின்விசிறியின் வேகத்தைக் குறைத்தேன். “ஏன்?” என்று அண்ணன் கேட்டான். “முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்” என்றேன். தாத்தா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் பொருத்திக்கொண்டார்.

“இப்போது சொல், விழா எப்படி நடந்தது?” என்று கேட்டார்.

அவருக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.